ஜூபாவுக்குப் போன நண்பனுக்கு

தலவாக்கலை

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்த அன்றே வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். இந்த வயதில் தென் சூடானின் தலைநகரான ஜூபாவுக்குப் போய், ஒரு நாட்டின் புள்ளிவிபரப் பணியகத்தைக் கட்டி எழுப்புகிற வேலையில் சேர்ந்திருக்கிறாய். எனக்கு அவ்வளவு பெருமை. மனைவிக்குத்தான் கவலை. "சண்டை இன்னும் ஓயவில்லையாமே, அண்ணனைக் கவனமாக இருக்கச் சொல்லுங்கள்" என்று எழுதச் சொன்னாள்.

இங்கே எல்லோரும் சுகம். பென்ஷன் நேரத்துக்கு வருகிறது. மகள் கொட்டகலைப் பக்கம் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறாள். மழை விட்டபாடில்லை, துணி காயவே மாட்டேன் என்கிறது.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். முதலில் எதைக் கட்டுவது, கணினி அறையையா, சட்டத்தையா, ஆட்களையா என்று கேட்டிருந்தாய். எண்ண முடியாத இடத்தை எண்ணவில்லை என்றே அச்சில் போடுகிற துணிவு அந்தப் பணியகத்துக்கு முதலில் வர வேண்டும் என்பேன். உனக்கு இது புதிதல்ல, உன் மட்டக்களப்பே அதற்குச் சாட்சி. 1991இல் நம் நாட்டில் குடிசன மதிப்பீடே, அதாவது சனத்தொகைக் கணக்கெடுப்பே, நடக்கவில்லை. 2001 ஜூலையில் நடந்தபோது 25 மாவட்டங்களில் 18இல்தான் முழுமையாக எண்ண முடிந்தது. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு என்ற ஏழும் அரைகுறையாகவோ முற்றாகவோ விடுபட்டன. தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் அதை மறைக்கவில்லை. இனவாரி அட்டவணையை 18 மாவட்டத்துக்கு மட்டும் போட்டு, அப்படித்தான் என்று கீழே குறிப்பும் எழுதியது.

ஆனால் அடிக்குறிப்பை யார் வாசிக்கிறார்கள்? அந்த அட்டவணையில் இலங்கைத் தமிழர் 4.3 சதவீதம், இந்தியத் தமிழர் என்று எழுதப்பட்ட மலையகத்து நாங்கள் 5.1 சதவீதம். 1981இல் உங்கள் ஆட்கள் 12.7 சதவீதம் இருந்தார்கள். குறிப்பை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்துப் பேசியவர்களை நானே கூட்டங்களில் பார்த்திருக்கிறேன். கேட்கக் கேட்க வயிறு எரியும். அதனால் அங்கே அடிக்குறிப்பை நம்பி இருக்காதே. விடுபட்ட மாவட்டத்துக்கும் அட்டவணைக்குள் ஒரு வரி கொடு. பெயரைப் போட்டு, எண் இருக்க வேண்டிய கட்டத்தில் "எண்ணப்படவில்லை" என்று எழுது. மொத்தத்தைக் கூட்டுகிறவன் அந்த வரியைத் தாண்டித்தான் போக வேண்டும்.

தென் சூடானில் இது இன்னும் கூர்மையான பிரச்சினை என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. சூடானின் வடக்கும் தெற்கும் போட்ட 2005 சமாதான உடன்படிக்கையின்படி 2008இல் எடுத்த கணக்கில், தென்பகுதியில் 82 இலட்சத்துச் சொச்சம் பேர், முழு சூடானில் 21 சதவீதம் என்று வந்தது. அதிகாரத்தையும் பணத்தையும் பிரிப்பதற்கு அந்த வீதம்தான் அடிப்படை என்பதால் தெற்குத் தலைவர்கள் ஏற்கவில்லை. தெற்கில் எண்ணியவர்கள் அவர்களுடைய சொந்த ஆட்களே. வடக்கின் மூலத் தரவைக் காட்ட மறுக்கிறார்கள் என்பதுதான் அன்றைக்கு அவர்கள் சொன்ன பெரிய குறை. 2011இல் தனி நாடாகி, 2013 கடைசியில் உள்நாட்டு யுத்தம் மூண்டு, 2018இல் மறுபடி ஒப்பந்தம் போட்டு, அதில் தேர்தலுக்கு முன் குடிசன மதிப்பீடு வேண்டும் என்று எழுதினார்கள். அது இன்னும் நடக்கவில்லை. 2024 டிசம்பர் தேர்தலை 2026 டிசம்பருக்குத் தள்ளியதற்குச் சொன்ன காரணங்களில் அதுவும் ஒன்று. இவ்வளவு பாரம் ஒரு எண்ணின் தலையில் ஏறியிருக்கும்போது, அந்த எண் எப்படி வந்தது என்பதை எல்லாக் கட்சிக்காரனும் திறந்து பார்க்க முடிய வேண்டும். பெயர்களை நீக்கிய தரவை ஒரே நாளில், ஒரே நேரத்தில் எல்லோருக்கும் கொடுத்துவிடு. மந்திரிக்கு ஒரு நாள் முன்னால் கொடுத்தாலும் கதை கட்டிவிடுவார்கள்.

2021இல் மாதிரி ஆய்வோடு செய்மதிப் படங்களையும் சேர்த்து 1 கோடியே 24 இலட்சம் பேர் என்று மதிப்பிட்ட வேலையைப் பற்றி எழுதியிருந்தாய். போக முடியாத இடத்துக்கு அது நல்ல வழிதான், நான் மறுக்கவில்லை. ஆனாலும் எனக்கு எங்கள் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயம்தான் ஞாபகத்துக்கு வந்தது. மேலேயிருந்து பார்த்தால் ஒரு லயம் ஒரே தகரக் கூரை. கீழே பத்துப் பன்னிரண்டு காமிரா, அதாவது குடும்பம் இருக்கிற ஒற்றை அறை, சில காமிராவில் கல்யாணம் முடித்த மகனும் அவன் குடும்பமும் சேர்த்து இரண்டு அடுப்பு. கூரையை எண்ணுகிறவன் ஒரு கூரைக்கு எத்தனை பேர் என்பதைத் தரையில் போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கேயோ யுத்தத்தில் வெறிச்சோடிப்போன குடிசைகளும் இருக்கும், வறட்சிக் காலத்தில் மாட்டுப் பட்டியோடு ஆற்றுப் பக்கம் போய்விட்ட குடும்பங்களும் இருக்கும். அப்புறம், 20 இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் உகண்டா, எத்தியோப்பியா, சூடான் என்று வெளியே. இவர்களை எந்த ஊர்க் கணக்கில் சேர்ப்பது என்பதை எண்ணப் போவதற்கு முன்பே முடிவெடுத்து ஊரறியச் சொல்லிவிடுங்கள். எண்ணிய பிறகு முடிவெடுத்தால் யாருக்காகவோ முடிவெடுத்ததாகத்தான் பேசுவார்கள்.

பயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் சனத்துக்கு எண்ணிக்கை என்றால் என்ன என்று உனக்குத் தெரியும். 1948இல் பிரஜாவுரிமை போனது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரை 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இங்கே, 1,50,000 பிறகு பார்ப்போம் என்று பிரித்தார்கள். என் பெரியப்பா குடும்பம் அந்த முதல் எண்ணுக்குள் அகப்பட்டு, தலைமன்னாரில் கப்பல் ஏறிப் போனது. போதாததற்கு, கொழுந்து நிறுக்கிற இடத்தில் சாக்குக்கு, ஈரத்துக்கு என்று கிலோ கழிப்பதையும், கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போடுவதையும் அன்றாடம் பார்க்கிறார்கள். பேனாவும் தாளுமாக ஒருவன் வாசலில் நின்றால், நமக்கு ஏதோ குறையப்போகிறது என்றுதான் தோட்டத்தில் நினைப்பார்கள்.

வேலைக்காலத்தில் நான் கண்டது இது. கணக்கப்பிள்ளை கூட வந்தால் ஒரு பதில், தனியாகப் போனால் வேறு பதில். ஒரே காமிராவில் இரண்டு குடும்பம் இருப்பது தோட்டத்தை நடத்துகிற துரைக்குத் தெரிந்துவிடும் என்று மருமகளைச் சொல்லாமல் விடுவார்கள். தனியாகப் போய், திண்ணையில் உட்கார்ந்து, தேத்தண்ணி குடித்து, எழுதியதை அவர்களுக்கே வாசித்துக் காட்டினால் மருமகளும் வருவாள், கைக்குழந்தையும் வரும். ஆகவே உன் கணக்கெடுப்பாளனோடு யார் கூட நடந்து போகிறார்கள் என்பதைக் கவனி. துப்பாக்கியோடு ஒருவன் போனால் படிவத்தில் என்ன வரும் என்று யோசித்துப் பார். ஐக்கிய நாடுகளின் புள்ளிவிபர ஆணைக்குழு 1994இல் ஏற்ற அடிப்படைக் கோட்பாடுகளில் ஆறாவது, தனிநபர் தகவல் இரகசியமாக இருக்க வேண்டும், புள்ளிவிபரத் தேவைக்கு மட்டுமே பயன்பட வேண்டும் என்கிறது. அதைச் சட்டத்தில் எழுதுவது லேசு. பாதுகாப்புத் தரப்பிலிருந்து ஒருவர் வந்து இந்தக் கிராமத்துப் பெயர்ப் பட்டியலைக் கொடு என்று கேட்கும் நாளில், இல்லை என்று சொல்லக்கூடிய தலைவர் ஒருவர் அங்கே இருக்க வேண்டும். சொன்னதற்காக அவருடைய கதிரை போகாதபடி சட்டமும் இருக்க வேண்டும்.

இனக் கேள்வி கேட்கலாமா என்று தயங்குகிறாய். 2008இல் இனத்தையும் மதத்தையும் கேட்காமலே விட்டார்கள். இந்த முறையும் கேட்காதே என்பதுதான் என் எண்ணம். இங்கே எங்கள் வறுமையை வெளியே காட்டியது இனக் கட்டம் இல்லை, தோட்டத் துறை என்று தனியாகப் பிரித்து வைத்த வழக்கம்தான். 20 ஏக்கரும் 10 குடியிருப்புத் தொழிலாளரும் இருந்தால் அது தோட்டம் என்ற ஒரு சாதாரண வரையறை. 2019 வீட்டு வருமான செலவு ஆய்வில் நாட்டு வறுமை 14.3 சதவீதம், தோட்டத்தில் 33.8 சதவீதம் என்று தெரிந்தது அதனால்தான். நுவரெலியா மாவட்டத்துச் சராசரிக்குள் எங்களைக் கலந்திருந்தால் அந்த 33.8 யார் கண்ணிலும் பட்டிருக்காது. அங்கேயும் முகாம், மாட்டுப் பட்டி, பட்டணம், கிராமம் என்று வாழ்கிற விதத்தை வைத்துப் பிரி. கோத்திரத்தைக் கேட்காமலே யார் கஷ்டப்படுகிறார்கள் என்று தெரிந்துவிடும்.

விலைச்சுட்டெண்ணைக் கைவிடாதே. யுத்தத்துக்கு நடுவிலும் ஜூபாச் சந்தையில் விலை எடுத்து, 2016 ஒக்டோபரில் ஆண்டுப் பணவீக்கம் 800 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று வெளியிட்டவர்கள் உன் பணியகத்துக்காரர்கள். அவர்களை நான் மனதாரக் கும்பிடுகிறேன். நம் நாட்டிலும் 2022 செப்டெம்பருக்குக் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் 69.8 சதவீதம் என்று, அரசாங்கத்துக்குக் கசந்தாலும், குறித்த நாளில் வந்தது. மாதாமாதம் சொன்ன நாளில் ஒரு எண் வந்துகொண்டே இருந்தால், பத்து வருடத்துக்கு ஒருமுறை வருகிற பெரிய எண்ணையும் சனம் நம்பும்.

சம்பள விஷயத்தில் கண்டிப்பாக இரு. திட்டக் காசு இருக்கும்வரை டொலரில் கொடுத்துவிட்டு, பிறகு அரசாங்கச் சம்பளம் மாதக்கணக்கில் வராவிட்டால் நீ பயிற்றுவித்த பிள்ளைகள் தொண்டு நிறுவனங்களுக்குப் போய்விடுவார்கள். மாநில அலுவலகங்களில் உள்ளூர் மொழி தெரிந்த பெண் பிள்ளைகளை நிறையச் சேர். வீட்டுக்குள் பெண்கள் பெண்களிடம்தான் பேசுவார்கள், தோட்டத்திலும் அப்படித்தான்.

வினாக்கொத்தின் வரைவு முடிந்ததும் வட்சப்பில் அனுப்பு. வீட்டுப் பட்டியல் பகுதியை நான் வரிவரியாகப் பார்த்துத் தருகிறேன், எனக்கு இப்போது நேரம் இருக்கிறது. விடுமுறைக்கு எப்போது வருகிறாய் என்றும் எழுது. மட்டக்களப்புக்குப் போகிற வழியில் இங்கே இறங்கி நாலு நாள் நின்றுவிட்டுப் போ. மலேரியா மருந்தை மறக்காதே.

இப்படிக்கு,
பேராதனை அறைத்தோழன்