பேட்டரியோடு ஒரு தமிழ்ச் சீட்டும் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கோடை விடுமுறைப் பொழுதுபோக்குகள் பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையில் ரிமோட் பந்தயக் கார்களும் இடம்பெற்றது மகிழ்ச்சி. ஆனால் அந்தக் கார்களின் பேட்டரியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. முப்பத்திரண்டு ஆண்டுகள் மோட்டார் வைண்டிங் பட்டறையில் வேலை பார்த்தவன் நான். எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் மகள் வயிற்றுப் பேரன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். அவனுடைய காரில் இருந்த ஆறு செல் நிக்கல் பேட்டரி தளர்ந்துவிட்டதால், சேர்த்து வைத்த பணத்தில் இரண்டு செல் லித்தியம் பாலிமர் பேட்டரி வாங்கி வந்தான். 7.4 வோல்ட், 5000 மில்லி ஆம்பியர் மணி. கடையில் சொல்லி அனுப்பியது இவ்வளவுதான்: "பழையதைக் கழற்றிவிட்டு இதை மாட்டு, பறக்கும்."

மாட்டவே முடியவில்லை. பழையதன் ஓரங்கள் உருண்டை, புதியது செங்கல்போலச் சதுரம். நான் போய்ப் பார்த்தபோது, பேரன் அரத்தை எடுத்துப் பேட்டரியின் உறையையே ராவத் தொடங்கியிருந்தான். "அப்புச்சி, கொஞ்சம்தான் தேய்க்க வேண்டும்" என்றான். கையைப் பிடித்து நிறுத்தினேன். உள்ளே இருக்கும் மெல்லிய செல்களுக்கு அந்தக் கெட்டி உறைதான் கவசம். காரின் பேட்டரித் தட்டில் இடித்த இரண்டு விளிம்புகளை ராவினோம். அரைமணி நேர வேலை.

கனெக்டரும் வேறு. பேட்டரி வயர்கள் இரண்டையும் ஒரே வெட்டாக வெட்டினால், கட்டரின் வாய் வழியாகவே ஷார்ட் ஆகும். அதனால் எப்போதும் மின்சாரம் இருக்கும் பேட்டரிப் பக்கத்தைத் தொடாமல், காரின் பக்கத்து வயர்களில் புதிய கனெக்டரைப் பற்றவைத்தோம். பற்றவைத்த இடத்தை மூடும் ஸ்லீவை முதலிலேயே வயரில் கோத்துக்கொள்ள வேண்டும். சிவப்பும் கறுப்பும் சரிதானா என்று மல்டிமீட்டர் வைத்துப் பார்த்த பிறகே இணைத்தோம்.

அடுத்தது வேகக் கட்டுப்பாட்டுக் கருவி. அதில் நிக்கலா, லித்தியமா என்று தேர்ந்தெடுக்க ஒரு சிறு ஜம்பர், அதாவது இடம் மாற்றிச் செருகும் துண்டு, இருந்தது. அதை லித்தியத்துக்கு மாற்றினால்தான், செல் வோல்டேஜ் அளவுக்கு மீறி இறங்குவதற்கு முன் மோட்டார் நிற்கும். 3 வோல்ட்டுக்குக் கீழே போன லித்தியம் செல் கெட்டுவிடும். பக்கத்துத் தெருப் பையன் இதை அறியாமல் கார் நகராத வரைக்கும் ஓட்டியிருக்கிறான். அவனுடைய பேட்டரி பூரிபோல உப்பிவிட்டது.

இவை எல்லாவற்றையும்விட என்னைப் பதறவைத்தது சார்ஜர். பேரன் பழைய நிக்கல் சார்ஜரிலேயே மாட்டப் போனான். நிக்கல் பேட்டரி நிறைந்ததும் வோல்டேஜ் சற்றே சரியும். அந்தச் சரிவைக் கண்டுதான் அவ்வகைச் சார்ஜர் நிற்கிறது. லித்தியத்தில் அந்தச் சரிவு வராது. சார்ஜர் காத்துக்கொண்டே மின்சாரத்தை ஏற்றும், செல் 4.2 வோல்ட்டைத் தாண்டும், சூடேறும், தீப்பிடிக்கும். ஒரு குழந்தை படுத்துறங்கும் அறையில் இரவில் இது நடந்தால்? செல்களைச் சமமாக ஏற்றும், லித்தியத்துக்குரிய பேலன்ஸ் சார்ஜர் வாங்கும்வரை பேட்டரியை அலமாரியில் பூட்டி வைத்தேன். இப்போது 5 ஆம்பியருக்கு மேல் போகாமல், திண்ணையில், ஓட்டுத் துண்டின் மேல் வைத்து, ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் சார்ஜ் செய்கிறோம்.

பேட்டரியோடு வந்த தாளில் இவற்றில் பாதி இருக்கத்தான் செய்கிறது. சீனத்திலும், எறும்பு அளவு ஆங்கில எழுத்திலும். விற்பவர்கள் உள்ளங்கை அகலத்தில் ஒரு தமிழ்ச் சீட்டு அச்சடித்து வைக்கக் கூடாதா? எந்தச் சார்ஜர், எத்தனை ஆம்பியர், எந்த வோல்ட்டில் நிறுத்துவது, ஓட்டாத நாட்களில் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வைப்பது, உப்பினால் என்ன செய்வது. பத்து வரி போதும். தங்கள் நாளிதழும் இதைப் பெட்டிச் செய்தியாக வெளியிட்டால் பல வீடுகளுக்குப் போய்ச் சேரும்.

பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் 2022இல் வந்துவிட்டன. பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது. ஆனால் அந்த உப்பிய பேட்டரியை எடுத்துக்கொண்டு நான் ஏறிய மூன்று கடைகளிலும் வாங்க மறுத்துவிட்டார்கள். குப்பை வண்டியில் போட மனம் வரவில்லை. எங்கள் வீட்டுப் பின்கட்டில் மணல் நிரப்பிய இரும்பு வாளிக்குள் வைத்திருக்கிறேன். கோவையில் இதை யாரிடம் ஒப்படைப்பது என்று மாநகராட்சி அதிகாரிகள் தங்கள் நாளிதழ் வாயிலாகவே தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மோட்டார் வைண்டிங் தொழிலாளி,
கணபதி, கோயம்புத்தூர்