ஆய்வேட்டில் இடம்பெறாத நன்றிகள்

எம்.டி. பேத்தாலஜி (நோயுற்ற திசுக்களை ஆராயும் துறை) ஆய்வேட்டை ஒருவழியாகச் சமர்ப்பித்தாயிற்று. முதல் பக்கத்து நன்றியுரையில் டீன் முதல் துறைத்தலைவர் வரை எல்லாரும் வரிசைப்படி வந்துவிட்டார்கள், ஆனால் உண்மையில் வேலையைத் தாங்கியவர்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டப் போவதில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் ஆய்வு, பெருங்குடலின் உள்சுவரில் வரும் அடினோமா பாலிப் என்ற சதை வளர்ச்சியைப் பற்றியது. அவை எல்லாமே புற்றுநோய் ஆவதில்லை. ஆகிறவற்றுக்கும் பெரும்பாலும் பத்து வருடம்போல் பிடிக்கும். அதற்குள் செல்லின் உட்கரு மாறிக்கொண்டே வரும். முதலில் பென்சில் மாதிரி நீண்டு, கறுத்து, நெருக்கியடித்து நிற்கும். முற்றினால் உருண்டு பெருத்து, வரிசை குலைந்து மேலே ஏறிவிடும். கண்ணால் மட்டும் தரம் பிரித்தால் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது என்பதால் உட்கருவின் பரப்பு, சுற்றளவு, வட்டத்தன்மை என்று அளந்து பார்த்தோம்.

லேப் டெக்னீஷியன் அக்கா இல்லாமல் இதில் ஒன்றும் நடந்திருக்காது. பாலிப் திசுவைப் பதித்த மெழுகுக் கட்டியை ஐஸில் குளிரவைத்து, ஃபேனை நிறுத்தச் சொல்லிவிட்டு, மைக்ரோடோம் என்ற சீவும் கருவியில் 4 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நாலு பங்கு) கனத்துக்குச் சீவி, அந்த ரிப்பனைப் பிரஷ்ஷால் ஏந்தி வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிடுவார். கொஞ்சம் தடித்துப்போனாலும் உட்கருக்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து விளிம்பு எது என்றே தெரியாது, அப்புறம் எந்த மென்பொருளாலும் காப்பாற்ற முடியாது. சுருக்கம் விழுந்தால் நான் வாய் திறக்குமுன், "இது வேணாம் டாக்டர், வேற போடறேன்" என்பார்.

எண்டோஸ்கோபி சிஸ்டர்களே, பாலிப்பை எடுத்த கையோடு, திசு கெடாமல் காக்கும் ஃபார்மலினில் போட்டு நேரத்தையும் குறித்து அனுப்பினீர்கள். அதில் தாமதமானால் உட்கருவின் அளவே மாறிவிடும், ஒப்பிட ஒன்றும் மிஞ்சாது. மைக்ரோஸ்கோப்பில் எடுக்கும் அளவைச் சரிபார்க்க உதவும் ஸ்டேஜ் மைக்ரோமீட்டரை, அதாவது ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்த அந்தக் கண்ணாடித் துண்டை, முணுமுணுத்துக்கொண்டே இரவல் தந்த பக்கத்துத் துறைக்கும் நன்றி. படத்தில் அளவெடுக்கும் இமேஜ்ஜே மென்பொருளை எழுதி உலகத்துக்கே இலவசமாக விட்ட அமெரிக்காவின் வேன் ராஸ்பாண்டுக்கும்தான், அவர் இதைப் படிக்க வழியில்லை என்றாலும்.

கைடு மேடம், முதல் அளவுகளை மறைத்துவிட்டுத் திரும்ப அளக்கவைத்தபோது மனசுக்குள் திட்டினேன், ஆனால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) முதல் கேள்வியே அதுதான். அளவுகள் பேத்தாலஜிஸ்ட் கண்ணுக்குத் துணை, மாற்று அல்ல என்று முடிவுரையில் அழுத்திச் சொன்னதும் உங்களால்தான்.

கடைசியாக, குடல் பரிசோதனைக்காகப் பேதி மருந்து குடித்துச் சோர்ந்து உட்கார்ந்திருந்த நேரத்திலும் சம்மதப் படிவத்தைப் பொறுமையாகக் கேட்டவர்களுக்கு. "இதுல எனக்கு என்ன தம்பி பலன்?" என்றார் ஒரு பெரியவர். "இப்போதைக்கு ஒன்றும் இல்லை ஐயா" என்றேன். "சரி, பேனாவைக் கொடு" என்று வாங்கிக் கையெழுத்துப் போட்டார். ரொம்ப நன்றி ஐயா.