பெயர் ஏறினால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

டெல்டா மாவட்டங்களில் ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் ஆசிரியர்கள் நரிக்குறவர் குடியிருப்புகளுக்குப் போய்ப் பள்ளி சேராத பிள்ளைகளைக் கணக்கெடுக்கிறார்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு, வயதுக்கேற்றபடி, ஐந்தாம் வகுப்பில் பெயர் ஏறுகிறது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவு சொல்வது அதைத்தான். ஆனால் அதே பிரிவில், மற்ற பிள்ளைகளை எட்டிப்பிடிப்பதற்கான சிறப்புப் பயிற்சியும் இருக்கிறது. மத்திய மாதிரி விதிகளின்படி அது குறைந்தது 3 மாதம், தேவைப்பட்டால் 2 ஆண்டு வரை. அதைக் கொடுக்காமல் பெயரை மட்டும் ஏற்றினால், எழுத்தே அறியாத பிள்ளை ஐந்தாம் வகுப்புப் பின்னக் கணக்கை வேடிக்கை பார்க்கும். ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளி மாற வேண்டிய இடத்தில் நின்றுவிடும்.

'படிப்பு ஏறவில்லை' என்று எழுதுவது சுலபம். ஆனால் இந்தப் பிள்ளைகள் வீட்டில் பேசுவது வாக்ரிபோலி, இந்தோ-ஆரியக் குடும்பத்து மொழி. தமிழ் அவர்களுக்கு வியாபார மொழி. பேரம் பேசச் சரளமாக வரும், பாடநூல் தமிழ் வராது. அணில் படத்தைக் காட்டினால் பிள்ளை தன் மொழியில் சரியாகத்தான் பெயர் சொல்லும். நாம் அதைத் தவறு என்கிறோம். பாடம் 'இயன்றவரை தாய்மொழியில்' என்கிறது அதே சட்டத்தின் 29ஆவது பிரிவு. அதற்காகத் தனிப் பாடநூல் அச்சிட வேண்டியதில்லை.

சிறப்புப் பயிற்சியில் முதல் இரண்டு மாதம் எழுத்து வேண்டாம், பேச்சு போதும். குடியிருப்பில் பள்ளிப் படிப்பு முடித்த பெண் ஒருவரை மதிப்பூதியத்தில் துணைக்கு வைக்கலாம். பிள்ளை சொல்லும் சொல்லைக் கரும்பலகையில் தமிழ் எழுத்தில் எழுதி, பக்கத்தில் தமிழ்ச் சொல்லை எழுத வேண்டும். ஒரே 'க' பல ஒலிக்கு நிற்பதால் இங்கே தடுமாற்றம் வரும். சுலோகப் புத்தகங்களில் க², க³ என்று போடுவதுபோல் எண் இட்டால் தீர்ந்தது. கணக்கை அரிச்சுவடியிலிருந்து தொடங்குவது வீண். 40 ரூபாய் பாசிமாலை மூன்று விற்று, 200 ரூபாய்க்குச் சில்லறை எவ்வளவு என்று கேளுங்கள், நொடியில் 80 என்பார்கள். எழுதிக் காட்டத்தான் கற்றுத்தர வேண்டும்.

அடுத்தது வருகைப் பதிவேடு. வேளாங்கண்ணித் திருவிழா ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை. குடும்பமே பாசிமணி விற்கக் கிளம்பும் காலம். திரும்பி வந்தால் காலாண்டுத் தேர்வு. தொடர்ந்து வரவில்லை என்று, எமிஸ் என்னும் கல்வித் துறையின் இணையப் பதிவேட்டில் பள்ளியை விட்டவர்களுக்கான பொதுத் தொகுப்புக்குப் பெயரைத் தள்ளிவிட்டால், பிள்ளை திரும்பும்போது எந்தப் பள்ளிக் கணக்கிலும் இருக்காது. தள்ளாமல், திரும்பும் தேதியைப் பெற்றோரிடம் கேட்டு எழுதிவைத்து, விட்ட பாடத்துக்கு இரண்டு வாரம் மாலை வகுப்பு வைக்கலாம்.

சாதிச் சான்றிதழையும் சொல்ல வேண்டும். 2023 ஜனவரி முதல் நரிக்குறவர்கள் பழங்குடியினர் பட்டியலில் இருக்கிறார்கள். பள்ளிப் பதிவேட்டில் இன்னும் மிகப் பிற்படுத்தப்பட்டோர் என்றே இருந்தால் 9, 10ஆம் வகுப்பு உதவித்தொகை கிடைப்பது சிக்கலாகும். புதிய சான்றிதழைக் கொடுக்க வேண்டியவர் கோட்டாட்சியர். திருவிழாவுக்குக் கிளம்பும் முன், ஜூலையிலேயே குடியிருப்பில் முகாம் போட வேண்டும்.

— தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் சிலர், நாகப்பட்டினம் மாவட்டம்