‘முதலுக்கு உத்தரவாதம்’ என்றால் எவ்வளவு?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற மாதம் என் அக்கா ஒரு காப்புறுதிப் பத்திரத்தைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்து, “இதைக் கொஞ்சம் பாரு” என்றார். பள்ளி உணவகத்தில் இருபது ஆண்டு வேலை பார்த்தவர். மசேநிதியில், அதாவது வேலை செய்பவர்களின் ஓய்வுக்காலத்துக்கான மத்திய சேமநிதியில், ‘சாதாரணக் கணக்கு’ என்ற பிரிவில் 50,000 சிங்கப்பூர் வெள்ளி வைத்திருந்தார். 20,000 வெள்ளியைக் கணக்கில் விட்டுவிட்டு மிச்சத்தை முதலீடு செய்யலாம் என்பது விதி. அந்த 30,000 வெள்ளியையும் பத்தாண்டுத் திட்டம் ஒன்றில் போட வைத்துவிட்டார், குடியிருப்புப் புளோக்குக்குக் கீழே மேசை போட்டிருந்த காப்புறுதி முகவர். “முதலுக்கு முழு உத்தரவாதம், ஆன்ட்டி” என்றாராம்.

வரிவரியாகப் படித்தேன். பலன் அட்டவணையில், உத்தரவாதமுள்ள தொகை என்ற பகுதியில், பத்தாம் ஆண்டுக்கு நேரே 30,000 வெள்ளி. பக்கத்தில் இருந்த பெரிய தொகைக்கு உத்தரவாதம் கிடையாது. நடுவில் எடுத்தால் போட்டதே முழுதாக வராது.

“போட்ட பணம் வந்துடுதே, அப்புறம் என்ன நட்டம்?” என்று கேட்டார் அக்கா. கால்குலேட்டரில் தட்டிக் காட்டினேன். சாதாரணக் கணக்குக்குக் குறைந்தது 2.5 விழுக்காடு வட்டி உண்டு. 1999 முதல் அது அதற்குக் கீழே போனதே இல்லை. தொடாமல் விட்டிருந்தால் 30,000 வெள்ளி பத்தாண்டில் ஏறக்குறைய 38,400 ஆகியிருக்கும். அதற்குப் பொறுப்பு அரசாங்கம். ஆக, ‘முழு உத்தரவாதம்’ என்ற பெயரில் அக்கா விட்டுக்கொடுக்க இருந்தது 8,400 வெள்ளி. அவர் பேசவே இல்லை.

முதலீடே கூடாது என்று நான் சொல்லவில்லை. வயதும் விவரமும் இருப்பவர்கள் தாராளமாகச் செய்யட்டும். ஆனால் மசேநிதிப் பணத்துக்குத் திட்டம் விற்பவர்கள், ‘இதே பணம் கணக்கிலேயே இருந்தால் இத்தனை ஆண்டில் இவ்வளவு’ என்ற ஒரு வரியை முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போட வேண்டும். தமிழிலும் போட வேண்டும். இதைக் கட்டாயமாக்கும்படி அதிகாரிகளை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

பத்திரம் கைக்கு வந்து 14 நாளுக்குள் வேண்டாம் என்று சொல்லலாம். அக்கா என்னிடம் காட்டியது ஒன்பதாம் நாள். பணம் கணக்குக்குத் திரும்பிவிட்டது. அதே மேசையில் அன்று கையெழுத்துப் போட்ட அவருடைய தோழிகள் இருவருக்கு விஷயம் தெரிந்தபோது பதினாறு நாளாகிவிட்டது.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர் ஒருவர்