வள்ளத்தில் நடக்கும் கூத்து

ஆசிரியர் அவர்களுக்கு,

சேர்ந்து வேலை பார்க்கும் தோழிகளைப் பற்றிய நகைச்சுவைத் தொடர் ஒன்றை மகள் போனில் காட்டினாள். சிரித்தேன்தான். ஆனால் எந்நேரமும் காபியோடு திரிகிறார்களே, வேலையை எப்போது பார்ப்பார்கள்?

நாங்கள் ஏழு பேர் கடல்பாசி எடுக்கிறோம். விரலில் துணி சுற்றி, மூச்சடக்கி முங்கி, மரிக்கொழுந்துப் பாசியைப் பாறையிலிருந்து பிய்க்கவேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா, தடை உண்டு; அதனால் எங்கே முங்குவது என்பதிலேயே தினமும் வாக்குவாதம். போன வாரம் மதினி, "பெருசா சிக்கிருச்சு!" என்று கூவினாள். பார்த்தால் முந்தின நாள் அவளே தொலைத்த செருப்பு! வள்ளம் கவிழாத குறை. அப்புறம் கரையில் வியாபாரி எடை போடும்போதுதான் எல்லார் வாயும் மூடும்.

இதையும் யாராவது தொடராக எடுக்கட்டும். முங்குகிற கண்ணாடியை இரவல் தருகிறோம்.

இப்படிக்கு,
பாசி எடுக்கும் பெண்,
சின்னப்பாலம், பாம்பன்