பிரிண்ட் சேர்வர் மாற்றம்: அவசரம் வேண்டாம்

ஆசிரியருக்கு,

விண்டோஸ் சேர்வர் 2012, 2012 ஆர்2 இரண்டுக்குமான நீடிக்கப்பட்ட ஆதரவு 2023 ஒக்டோபர் 10இல் முடிந்துவிட்டது. திருகோணமலை அலுவலகங்களில் இன்னும் அவற்றைப் பிரிண்ட் சேர்வராக, அதாவது பிரிண்டர்களை எல்லாக் கணினிகளுக்கும் பகிரும் கணினியாக, வைத்திருப்பவர்கள் புதிய சேர்வருக்கு மாறுவதைத் தள்ளிப்போடக் கூடாது. ஆயத்தமின்றி அவசரப்படவும் கூடாது.

விண்டோஸின் ‘பிரிண்ட் மேனேஜ்மென்ட்’ கருவியில் பிரிண்டர்கள், அவற்றை இயக்கும் மென்பொருளான டிரைவர்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பாக ஏற்றுமதி செய்து புதிய சேர்வரில் இறக்கலாம். ஆனால் குப்பையும் சேர்ந்தே போகும். முதலில் பாவனையில் இல்லாத பிரிண்டர்களையும் டிரைவர்களையும் அழியுங்கள். உங்கள் பழைய சேர்வர் 2008 அல்லது அதற்கும் முந்தைய 32 பிட் பதிப்பு என்றால், 64 பிட் டிரைவரை அதிலேயே சேர்த்த பின்னரே ஏற்றுமதி செய்யுங்கள். இல்லையேல் அந்தப் பிரிண்டர்கள் சரியாக இறக்குமதியாகாது. அச்சு வேலையைக் கையாளும் தயாரிப்பாளரின் பிரிண்ட் புரொசெசரை விண்டோஸின் சொந்த ‘வின்பிரிண்ட்’ ஆக மாற்றுவதும் இதே கட்டத்தில்தான். பிரிண்டருக்கு நிலையான ஐபி முகவரி கொடுங்கள். பிரிண்டரைத் தானாகக் கண்டுபிடிக்கும் டபிள்யூஎஸ்டி போர்ட்டை (இணைப்பு வாயிலை) நம்பவே வேண்டாம், 9100ஆம் இலக்க டிசிபி போர்ட்தான் உறுதியானது.

பெரும்பாலானோர் தடுக்கி விழும் இடம் வேறு. 2021 ஓகஸ்ட் பாதுகாப்புப் புதுப்பிப்பிலிருந்து சாதாரண பயனரால் டிரைவர் நிறுவ முடியாது. புதிய சேர்வரோடு இணைந்ததும் டிரைவர் இல்லாத ஒவ்வொரு கணினியும் நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கும். அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்துவது ஆபத்து. டிரைவரைக் கணினிகளில் முன்கூட்டியே நிறுவுவதே சரி.

சோதனைப் பக்கம் மட்டும் போதாது. பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட கடிதம் ஒன்று, சிங்கள யூனிகோட் கடிதம் ஒன்று, இருபக்க அச்சு ஒன்று எடுத்துப் பாருங்கள். பழைய சேர்வரை இரண்டு வாரமாவது அழிக்காமல் வையுங்கள்.

கணினி வலையமைப்புப் பணியாளர்கள்,
திருகோணமலை.