பஸ் ஸ்டாண்டில் வந்த நடுக்கம்

அன்புள்ள சேது,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அடுத்த பக்கத்தைத்தான் இரண்டு முறை படித்தேன். 45 நாள் மறுவாழ்வு மையத்தில் இருந்து முகம் தெளிந்து திரும்பிய உன் தம்பி, ஊர் ஸ்டாண்டில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கை நடுங்கி வியர்த்துக் கொட்டினான் என்கிறாய். மையத்தில் கடைசி மூன்று வாரமும் அப்படி எதுவும் இல்லையாம். "நாடகம் போடுகிறான், குடிக்க ஒரு சாக்கு" என்று எழுதியிருக்கிறாய். மூன்றாம் நாள் குடித்தும் விட்டான். உன் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த நடுக்கத்தை நாடகம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

பி.எட். படித்தபோது ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவின் நாயை எத்தனை முறை எழுதியிருப்போம்! மணியடித்துச் சோறு போட்டுப் பழக்கினால், பிறகு மணியடித்தாலே எச்சில். 'ஆக்கநிலையுறுத்தல்' என்று வாயில் நுழையாத பெயர், ஐந்து மதிப்பெண் கேள்வி. அதே பாவ்லோவ் மார்ஃபின் என்ற வலி போக்கும் போதை ஊசியைப் பற்றியும் சொல்லியிருக்கிறார், அதை நமக்கு யாரும் நடத்தவில்லை. மார்ஃபின் போட்டால் நாய்க்கு எச்சில் ஊறும், வாந்தி வரும், பிறகு தூங்கிவிடும். சில நாள் தொடர்ந்து போட்ட பிறகு, ஊசி குத்துவதற்கு முன்பே, ஆயத்தம் செய்வதைப் பார்த்தாலே எச்சிலும் வாந்தியும் வந்துவிட்டன. சில நாய்களுக்கு ஊசி போடுகிற ஆளைக் கண்டாலே போதுமாம்.

கனடாவில் ஹாமில்டன் நகரத்து மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஷெப்பர்டு சீகல் என்ற உளவியலாளர் இதைப் பிடித்துக்கொண்டு வெகுதூரம் போனார். அவர் சொல்வதை என் வீட்டு பாஷையில் சொல்கிறேன். என் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டதும் இவள் அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டுவிடுவாள். நான் கை கால் கழுவி உட்காரும்போது கல் தயாராக இருக்கும். போதைக்குப் பழகிய உடம்பும் அப்படித்தான். ஹெராயின் மூச்சைத் தணிக்கும் என்றால் உடம்பு அதை எதிர்த்து மூச்சைத் தூக்கப் பார்க்கும். தினமும் அதே அறை, அதே நேரம், அதே ஊசி என்றால், மருந்து உள்ளே போவதற்கு முன்பே அந்த எதிர்வேலை தொடங்கிவிடுகிறது. அதனால்தான் பழைய அளவு ஏறுவதில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அளவு கூடுகிறது. ஈரலும் மூளையும் தம் பங்குக்கு மாறுகின்றன, அது வேறு கணக்கு. இடமும் நேரமும் சேர்ந்துதான் ஒருவனைத் 'தாங்குகிறவனாக' ஆக்குகின்றன என்பது எனக்குப் புதுச் செய்தி.

சரி, வண்டிச் சத்தம் கேட்டது, ஆள் வரவில்லை என்றால்? கல் காய்ந்து புகைகிறது. ஸ்டாண்டில் உன் தம்பிக்கு நடந்தது அதுவாக இருக்கலாம். வருஷக்கணக்காக அந்த இடத்தில் இறங்கியதும் குடித்த உடம்பு, வரப்போகிற சாராயத்துக்கு எதிராகக் கச்சை கட்டி நின்றது. சாராயம் வரவில்லை, அந்த எதிர்வேலையே நடுக்கமாக வெளியே வந்தது. அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டனில் போதையாளர்களுக்கென்றே ஓர் அரசு மருத்துவமனை இருந்தது. அங்கே வேலை பார்த்த ஏப்ரகாம் விக்லர் 1940-களிலேயே இதைக் கவனித்தார். போதையை விட்டுப் பல மாதம் ஆனவர்கள் கூடி உட்கார்ந்து அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கொட்டாவி விடுவார்கள், மூக்கை உறிஞ்சுவார்கள், கண்ணில் நீர் வரும். பேச்சே போதும், மருந்து வேண்டாம்.

இதன் மறுபக்கம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. 1982-ல் சீகல் குழுவினர் எலிகளுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஹெராயின் கொடுத்தார்கள், எப்போதும் ஒரே அறையில். இடைப்பட்ட நாட்களில் வேறோர் அறையில் வெறும் சர்க்கரைக் கரைசல். கடைசியில் எல்லாவற்றுக்கும் ஒரே பெரிய அளவு. ஹெராயினே அறியாத எலிகளில் நூற்றுக்கு 96 செத்தன. பழகிய எலிகளில், பழகிய அறையில் ஊசி பெற்றவை நூற்றுக்கு 32 செத்தன. அதே அளவுக்குப் பழகி, மற்ற அறையில் ஊசி பெற்றவை? 64. மருந்து ஒன்று, பழக்கம் ஒன்று, அறை மட்டும் வேறு. பழகாத அறையில் உடம்பு முன்கூட்டியே எதிர்வேலையைத் தொடங்கவில்லை, சாவு இரண்டு மடங்கு!

எலிக் கதைதானே என்று நினைக்காதே. 1986-ல் அவர் இணைந்து எழுதிய கட்டுரை ஒன்றில் கணையப் புற்றுநோயாளி ஒருவர் வருகிறார். வீட்டில் மங்கலான படுக்கையறையில் மகன்தான் அவருக்கு மார்ஃபின் போட்டுவந்தான். ஒரு நாள் அவர் எப்படியோ நகர்ந்து வெளிச்சமான கூடத்துக்கு வந்துவிட்டார். வலியில் துடித்தவருக்கு மகன் அங்கேயே வழக்கமான அளவு ஊசியைப் போட்டான். கண்பாவை ஊசிமுனையாகச் சுருங்கியது, பிறகு இறந்துபோனார். அந்த மகனை நினைத்துக்கொண்டு வெகுநேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன்.

எல்லாவற்றையும் இடத்தின் தலையில் கட்டிவிடவும் கூடாது. வியட்நாமில் ஹெராயினில் விழுந்த அமெரிக்கச் சிப்பாய்களை லீ ராபின்ஸ் என்ற பெண்மணி ஆராய்ந்தார். அங்கே ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அடிமையாகியிருந்தார். ஊர் திரும்பிய முதல் ஆண்டில், அவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர்தான் மறுபடி அடிமையானார்கள். பார்த்தாயா, இடம் மாறினால் போதும் என்று இந்தக் கதையைப் பலர் மேடையில் முழங்குகிறார்கள். ஊரில் ஹெராயின் சுலபமாகக் கிடைக்காது, விலை அதிகம், பிடிபடும் பயம், வீட்டாரின் முகம் என்று எத்தனையோ உண்டு. ஆனாலும் அவர்கள் ஓரிடத்தில் பழகி வேறோர் இடத்துக்குத் திரும்பினார்கள். உன் தம்பி பழகிய இடத்துக்கே திரும்பியிருக்கிறான். மையத்தில் தெளிந்தது மையத்தின் சுவர்களுக்குள் தெளிந்தது. அங்கே கற்ற தெளிவு ஊருக்கு அப்படியே வந்து சேர்வதில்லை.

என் கதைக்கு வருகிறேன். நான் சிகரெட்டை விட்டுப் பதினாறு வருஷம். வீட்டில், கல்யாண வீட்டில், எங்கேயும் நினைப்பே வராது. போன வருஷம் பழைய பள்ளிக்கூடத்தில் ஒரு பிரிவுபசார விழா. வாசலுக்கு எதிரே அதே டீக்கடை. கண்ணாடி டம்ளர் வலது கைக்கு வந்ததும் இடது கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. பையில் பேருந்துச் சீட்டுதான் இருந்தது. நாக்கில் அந்தக் கசப்பு வந்து நின்றது, சேது. நல்லவேளை, பக்கத்தில் பேச்சுத்துணை இருந்தது.

அதனால் அவனைத் திட்டுவதைக் கொஞ்ச நாள் நிறுத்து. ஸ்டாண்டு வழியைத் தவிர்க்க வாய்க்கால் கரை வழி இருக்கிறதே, சுற்றுதான், ஆனால் போகட்டும். மாலை ஆறிலிருந்து எட்டு வரை யாராவது கூட இருங்கள். அவன் உட்கார்ந்து குடித்த மாடி அறையைக் காலி செய்து நெல் மூட்டை போடு. ஒன்றை மட்டும் அவனிடம் நேராகச் சொல்: ஒன்றரை மாதம் நிறுத்திய உடம்பு பழைய அளவைத் தாங்காது. பழைய கணக்கில் குடித்தால் ஆபத்து. இதை நீ பயமுறுத்தலாகச் சொல்லாமல், அண்ணனாகச் சொல். மருத்துவரிடமும் மறுபடி கூட்டிப்போ, இந்த நடுக்கத்தை அவரிடம் விவரமாகச் சொல்லுங்கள்.

வருகிற ஞாயிறு நானே வருகிறேன். என்னை அழைக்க அவனை ஸ்டாண்டுக்கு அனுப்பாதே, ஆட்டோ பிடித்துக்கொள்கிறேன்.

உன்
மணி